இரவைக் கடக்கும் பொறிகள்

இந்தியாவின் சந்திரயான் 3 கொண்டுபோன பிரக்யான் ரோவர் நிலவில் வேலை செய்தது பத்து நாள் அளவில்தான். 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை 6.04க்கு விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தெற்கே, ஏறத்தாழ 69 பாகை அகலக்கோட்டில் பத்திரமாக இறங்கியது. சில மணி நேரம் கழித்து அதன் வயிற்றிலிருந்து சரிவுப் பலகை வழியே உருண்டு வந்த 26 கிலோகிராம் வண்டி, நொடிக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் நூறு மீற்றரைச் சற்றே தாண்டி ஓடியது. மண்ணில் கந்தகம் இருப்பதை லேசர் ஒளியால் கண்டுபிடித்தது. வழியில் நாலு மீற்றர் அகலப் பள்ளம் ஒன்று மூன்று மீற்றர் தூரத்தில் தென்பட்டபோது திரும்பி வேறு தடம் பிடித்தது. செப்ரெம்பர் 2ஆம் திகதி அதை உறங்க வைத்தார்கள். பற்றரி நிரம்பியிருந்தது; சூரியத் தகடு அடுத்த விடியல் வரும் திசையைப் பார்த்தபடி இருந்தது; வானொலி வாங்கியை மட்டும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். செப்ரெம்பர் 22ஆம் திகதி அங்கே மறுபடி வெளிச்சம் வந்தது. இஸ்ரோ கூப்பிட்டுப் பார்த்தது. விக்ரமும் பேசவில்லை, பிரக்யானும் பேசவில்லை.

செவ்வாய் ரோவர்கள் பற்றிய முந்தைய செய்திகளை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு ஒப்பீடு உடனே தோன்றியது. 90 செவ்வாய் நாட்களுக்கென்று அமெரிக்கா அனுப்பிய ஒப்பர்ச்சூனிட்டி 2004 ஜனவரியிலிருந்து 2018 ஜூன் வரை, பதினான்கு ஆண்டுக்கு மேல் ஓடியது. 45 கிலோமீற்றர் கடந்தது. அப்படியானால் பிரக்யானைக் கட்டியவர்களின் கைப்பக்குவம் குறைவா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது தவறான இடத்தைத் தொடுகிறது. ஒரு ரோவரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சக்கரமும் மோட்டாரும் எவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டன என்பதல்ல. அது எத்தகைய இரவைக் கடக்கும்படி கட்டப்பட்டது என்பதுதான். இரவைக் கடக்கும் ஏற்பாடு இருந்தால் மிச்ச ஆயுளை பூமியில் இருக்கும் மனிதர்கள் கூட்டிக் கொடுக்க முடியும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தக் கைப்பக்குவமும் உதவாது.

முதலில் அந்த 90 நாள் என்ற கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொறியியலில் 'வடிவமைப்பு ஆயுள்' என்று சொல்வது ஒரு பொறி சாகும் நாளைப் பற்றிய ஆரூடம் கிடையாது. இத்தனை நாளுக்குள் இது பழுதாகாது என்று மிக உயர்ந்த நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எல்லை அது. பணம் கொடுத்தவர்களுக்கு அளிக்கும் வாக்குறுதி என்றும் கொள்ளலாம். செவ்வாயில் சூரியத் தகடுகள் மேல் தூசி படிந்து மின்சாரம் குறைந்துகொண்டே போகும், மூன்று மாதத்தில் வண்டி படுத்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் அந்த எண்ணுக்குள் இருந்தது. ஆனால் அங்கே சுழற்காற்று அவ்வப்போது வந்து தகடுகளைத் துடைத்துவிட்டுப் போனது. இதை எதிர்பார்க்கத் தவறியது கணிப்பில் ஏற்பட்ட பிழை என்று ஒருவர் வாதிடலாம். இருக்கலாம். ஆனால் தகடு சுத்தமாவதால் மட்டும் ஒரு பொறி ஐயாயிரம் இரவுகளைத் தாண்டிவிடாது. பகலில் எவ்வளவு மின்சாரம் வந்தாலும் இரவில் பற்றரி உறைந்தால் கதை முடிந்தது. ஆகவே அந்த இரவுகள் எப்படிக் கழிந்தன என்று பார்க்க வேண்டும்.

செவ்வாயின் நாள் நம்முடைய நாளைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம்தான் அதிகம். அங்கே இரவு சுமார் பன்னிரண்டு மணி நேரம்; வெளியே −90 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரும், பிறகு விடிந்துவிடும். நிலவில் ஒரு பகல் ஏறத்தாழ பதினான்கு பூமி நாள், ஓர் இரவும் அதே அளவு. போர்த்துக்கொள்ள வளிமண்டலம் கிடையாது. சூரியன் மறைந்ததும் தரை தன் சூட்டை நேரே வானுக்குக் கொட்டிவிடும். பிரக்யான் நின்ற அகலக்கோட்டில் இரவு வெப்பநிலை −200 பாகையை அண்மிக்கும். மார்கழிப் பனியிலும் வெப்பமானி 20 பாகையை ஒட்டியே நிற்கும் கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில் இருந்துகொண்டு இதை உணர்வது கடினம். விக்ரம் கலம் மண்ணுக்குள் இறக்கிய வெப்பக்கோல் இன்னொன்றையும் காட்டியது: பகலில் 50 பாகைக்கு மேல் கொதித்த மேற்பரப்புக்கு எட்டு சென்ரிமீற்றர் கீழே −10 பாகை. நிலவின் மண் அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. அடியில் கொஞ்சம் சூடு மிஞ்சியிருந்தாலும் அது மேலே நிற்கும் வண்டிக்கு வந்து சேராது.

குளிர் ஒரு பொறியை எப்படிக் கொல்கிறது? முதலில் பற்றரி. லித்தியம் அயன் பற்றரிக்குள் இருக்கும் திரவம் உறைந்துபோனால் அயன்கள் நகர வழியில்லை. அடுத்தது பற்றாசு. மின்சுற்றுப் பலகை ஒரு அளவில் சுருங்கும், அதில் ஒட்டிய சில்லு வேறொரு அளவில் சுருங்கும், இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் ஈயப் பற்று இன்னொரு அளவில் சுருங்கும். ஒரு தடவை பொறுக்கும், பத்துத் தடவை பொறுக்கும், பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று விழும். பல்சக்கரப் பெட்டியின் உராய்வுநீக்கி தடித்து இறுகும். இவற்றில் எந்த ஒன்றையும் பகலில் வண்டி எவ்வளவு அழகாக ஓடியது என்பதை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. சக்கரத்தைச் சோதிப்பது இதைவிட எளிது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்தில் கிடைக்கும் அனோர்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், அதை அரைத்து நிலவு மண்போல ஆக்கி இஸ்ரோ தன் சோதனைக் களத்தில் விரித்தது. தமிழ்நாட்டு மண்ணே நிலவாக நடித்தது. இரவை அப்படி லொறியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. வெற்றிட அறையைத் திரவ நைதரசனால் குளிர்விக்கலாம். ஆனால் அந்தத் திரவமே −196 பாகையில் கொதிப்பது. நிலவின் துருவ இரவு அந்த எல்லையிலேயே நிற்கிறது.

இதற்கு மனிதர் கண்ட விடை பழையது. 1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் நிலவில் இறக்கிய லூனகோட் 1, எட்டுச் சக்கரமும் 756 கிலோகிராம் எடையும் கொண்டது. அதன் மேல்மூடியின் உட்பக்கத்தில் சூரியத் தகடு இருந்தது. பகலில் மூடி திறந்து வெயில் காயும். இரவு வந்ததும் மூடி இறுக மூடிக்கொள்ளும். உள்ளே பொலோனியம் 210 என்ற கதிரியக்கப் பொருள் ஓயாமல் சூட்டை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மூன்று நிலவு நாளுக்குக் கட்டப்பட்ட அந்த வண்டி பதினொரு நிலவு நாள் ஓடியது. பத்துக் கிலோமீற்றருக்கு மேல் கடந்தது. பொலோனியம் 210 இன் அரை ஆயுள் 138 நாள். 1971 செப்ரெம்பரில் லூனகோட் பேச்சை நிறுத்தியபோது ஏவி முந்நூறு நாள் கழிந்திருந்தது. அதாவது அடுப்பின் சூடு தொடக்கத்தில் இருந்ததில் கால்வாசிக்கும் கீழே போயிருந்தது. ஒப்பர்ச்சூனிட்டியும் அதன் இரட்டையான ஸ்பிரிட்டும் சூரிய ஒளியில் ஓடிய வண்டிகள் என்று எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஆளுக்கு ஒரு வாற்று சூடு தரும் எட்டு புளூட்டோனியக் குளிகைகள் இருந்தன. ஒரு குளிகையில் புளூட்டோனிய ஒட்சைட்டு மூன்று கிராமுக்கும் குறைவு. கூடு எல்லாம் சேர்த்து நாற்பது கிராம். மின்சாரம் எதையும் அவை தரவில்லை. இரவில் பற்றரி உறையாமல் காத்தன, அவ்வளவுதான்.

அந்த எட்டு வாற்றுச் சூடு செய்த வேலையை ஒப்பர்ச்சூனிட்டியின் முதல் மாதங்களிலேயே பார்க்கலாம். தரையிறங்கியதிலிருந்தே அதன் கையின் தோள்மூட்டில் இருந்த ஹீட்டரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. இரவில் குளிர் ஏறியதும் ஹீட்டர் தானே எரியத் தொடங்கும், அணைக்க வழியில்லை, தேவையில்லாத சூட்டுக்காகக் கணிசமான மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பொறியியலாளர் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். இரவானதும் கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றரியிலிருந்து துண்டித்துவிடுவது. 'ஆழ்ந்த உறக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அப்படித் துண்டித்தால் கருவிகளைக் காக்கும் மின் ஹீட்டர்களும் சேர்ந்தே அணையும். அகச்சிவப்புக் கருவி ஒன்று குளிரில் கெட்டுப்போகும் அபாயம் இருந்தது. தெரிந்தே துணிந்தார்கள். மின்சாரம் முழுதாகப் போன பெட்டிக்குள் பற்றரி உயிரோடு இருந்தது அந்தக் குளிகைகளாலும், எடையே இல்லாத ஏரோஜெல் போர்வையாலும்தான். சுவிட்ச் பழுதுக்கு விடை பூமியிலிருந்து போனது. அந்த விடை பலிக்க இடம் கொடுத்தது ஏவுவதற்கு முன்பே உள்ளே வைத்த சூடு.

பிரக்யானிடமும் விக்ரமிடமும் இப்படி எதுவும் இல்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக நின்று நடத்திய சந்திரயான் 3 தொடங்கியபோதே அதன் ஆயுள் ஒரு நிலவுப் பகல் என்று எழுதப்பட்டிருந்தது. இறங்கும் இடத்தில் விடிந்த கையோடு இறங்கும்படி நாளைக் குறித்தார்கள். பகலில் ஒரு மணி நேரங்கூட வீணாகக்கூடாது என்பதுதான் காரணம். சுவையான தகவல் ஒன்று பின்னால் வெளிவந்தது. விக்ரமை நிலவுவரை தள்ளிக்கொண்டு போன உந்துகலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த ஒரு வாற்றுக் கதிரியக்க வெப்பமூட்டிகள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. சுற்றுப்பாதையில் இருந்த கலத்தில் அவற்றைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். தரைக்கு இறங்கும் பகுதியில் எடை கூடிவிடும் என்று வைக்கவில்லை. ஆக, இந்தியாவிடம் அந்த அடுப்பு இல்லாமல் இல்லை. அதை ஏற்றுவதா என்ற கேள்வியைக் கேட்டு, இந்தத் தடவை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, 615 கோடி ரூபாய் செலவழித்துப் போய்விட்டுப் பத்து நாளில் கைவிடுவது விரயம் அல்லவா என்பது. 2019 செப்ரெம்பரில் சந்திரயான் 2 இன் விக்ரம் மோதி உடைந்ததை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். நாலு ஆண்டு கழித்துப் போன கலத்தின் முதல் வேலை உடையாமல் இறங்குவது. அந்த இடத்தில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோகிராமும் இறங்குவதற்கான எரிபொருளோடு போட்டி போடும். கால்களை வலுப்படுத்துவதா, எரிபொருளைக் கூட்டுவதா, இரவுக்கு அடுப்பு வைப்பதா என்று வரும்போது அவர்கள் முதல் இரண்டையும் எடுத்தார்கள். என் கணிப்பில் அது சரியான தெரிவு. ஆனால் அடுத்த தடவையும் அதே சமாதானத்தைச் சொன்னால் எடுபடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 2024 ஜனவரியில் யப்பானின் ஸ்லிம் கலம் நிலவில் தலைகுப்புற நின்றது. இரவைக் கடக்கும்படி அதையும் யாரும் கட்டவில்லை. இருந்தும் ஒன்றல்ல, மூன்று இரவுகளைத் தாண்டி ஏப்ரல் இறுதிவரை பதில் சொன்னது. அடுப்பில்லாமலே இரவு கழியுமென்றால் என் வாதம் என்னாவது? ஸ்லிம் இறங்கியது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 13 பாகை தெற்கில். அங்கும் கொடுங்குளிர்தான், ஆனால் பிரக்யான் நின்ற இடத்தளவுக்கு இல்லை. மேலும் ஸ்லிம் பூமியோடு நேரே பேசும் தனிக் கலம். பிரக்யானால் விக்ரமோடு மட்டுமே பேச முடியும். விக்ரம்தான் அதைப் பூமிக்குச் சொல்ல வேண்டும். ஒன்று விழித்தால் போதாது, இரண்டும் விழிக்க வேண்டும். ஒவ்வொன்றும் விழிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டும் சேர்ந்து விழிக்க ஒன்பதில் ஒன்றுதான். 1997இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னருக்கும் இதே கதி. ஏழு நாளுக்குக் கட்டிய அந்தச் சின்ன வண்டி 83 நாள் ஓடியது. அதன் சார்பில் பேசிக்கொண்டிருந்த தாய்க்கலம் அடங்கியதோடு அதன் குரலும் நின்றது. அதற்குப் பிறகு அந்த வண்டி எவ்வளவு காலம் உயிரோடு சுற்றியது என்பதை அறிய வழியே இல்லை. ஸ்லிம் காட்டியது, குளிரில் சிலவேளை தப்பலாம் என்பதை. தப்புவதை நம்பித் திட்டம் போட முடியாது.

இரவுப் பிரச்சினை தீர்ந்தபின்தான் இரண்டாவது காரணி மேடைக்கு வருகிறது: பூமியில் இருப்பவர்களின் பராமரிப்பு. 1990களில் வன்னிக்குள் எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்தபோது, அக்கராயன் பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் நாலு துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. எந்தத் தொழிற்சாலைக் கையேட்டிலும் இல்லாத ஓட்டம் அது. ரோவரைப் பராமரிப்பவர்களின் நிலை இதைவிட நெருக்கடியானது. கரடுமுரடாகவேனும் ஒரு பாகத்தைக் கையால் தொட்டுச் சரிக்கட்ட அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. அனுப்பக்கூடியது கட்டளை வரிகள் மாத்திரம். 2006இல் ஸ்பிரிட்டின் வலது முன்சக்கரம் நின்றுபோனது. வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆராய்ந்தால் ஏறத்தாழத் தூய சிலிக்கா. முன்னொரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கு அதுவே வலுவான சான்றாயிற்று. செவ்வாயில் ஓடும் இன்னொரு அமெரிக்க ரோவரான கியூரியோசிட்டியின் அலுமினியச் சக்கரங்களின் தோல் முக்கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். 2013இலேயே கூரான கற்கள் குத்தி ஓட்டைகள் விழுந்தன. 2017இல் ஒரு மென்பொருள் போனது: கல்மேல் ஏறும் சக்கரத்தின் வேகத்தையும் மற்றவற்றின் வேகத்தையும் தனித்தனியே திருத்தி, ஒன்றை ஒன்று இழுத்துக் குத்தாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. துளைப்பானை முன்னே தள்ளும் மோட்டார் 2016 டிசெம்பரில் மக்கர் செய்தது. பூமியில் ஒன்றரை ஆண்டு ஒத்திகை பார்த்து, துளைப்பானை நீட்டியபடியே வைத்துக் கையின் பலத்தால் அழுத்தித் துளைக்கும் முறையை 2018 மேயில் செய்து காட்டினார்கள்.

ஆனால் மரணப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் கெட்டோ துளைப்பான் கெட்டோ செத்த ரோவர் எது? ஸ்பிரிட் 2009இல் மென்மணலில் புதைந்தது. புதைந்ததால் சாகவில்லை. தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்ந்து நிற்கும்; ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வடக்குப் பார்த்த சரிவொன்றில் ஏறித் தகட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அது பிழைத்து வந்தது. புதைந்த வண்டியால் சாய முடியவில்லை. 2010 மார்ச் 22க்குப் பிறகு சத்தம் இல்லை. ஒப்பர்ச்சூனிட்டி 2018 ஜூனில் கோளையே மூடிய தூசிப்புயலில் மின்சாரம் இல்லாமல் போனது; அதை எழுப்ப ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகள் போயும் பலனில்லை. சீனாவின் செவ்வாய் ரோவர் சூரோங் 2022 மேயில் குளிர்காலத்துக்கென்று உறங்கப் போய், தகட்டில் தூசி படிந்த நிலையில் விழிக்கவே இல்லை. எதிர் உதாரணமாகத் தோன்றுவது சீனாவின் நிலவு ரோவர் யுட்டு: 2014 ஜனவரியில் அதன் இயக்கம் செயலிழந்தது. ஆனால் நகர முடியாத அந்த வண்டி பிறகும் ஈராண்டுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தது, உள்ளே கதிரியக்கச் சூடு இருந்த காரணத்தால். லூனகோட் 2 இன் கதை இன்னும் விசித்திரம். 39 கிலோமீற்றர் ஓடிய அது 1973 மேயில் செத்தது குளிரால் அல்ல, சூட்டால். ஒரு பள்ளத்தின் சுவரில் திறந்திருந்த மூடி உரசி மண் விழுந்தது. இரவுக்காக மூடியை மூடியபோது அந்த மண் கீழே இருந்த வெப்பம் வெளியேற்றும் பரப்பில் கொட்டியது. மறு பகலில் சூடு போக வழியின்றிப் பொறி வெந்துபோனது. இரவிலிருந்து காக்க வைத்த மூடியே காலனாயிற்று.

அப்படியானால் கியூரியோசிட்டிபோல எல்லாவற்றுக்கும் அணு மின்கலம் வைத்துவிடலாமே என்று கேட்பது இயல்பு. அதன் உள்ளே 4.8 கிலோகிராம் புளூட்டோனிய ஒட்சைட்டு. தொடக்கத்தில் அது தந்த மின்சாரம் வெறும் 110 வாற்று, ஆனால் கூடவே வரும் வெப்பம் இரண்டாயிரம் வாற்று. அந்தச் சூட்டைத் திரவக் குழாய்களில் ஓடவிட்டு வண்டியை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். 2012இல் இறங்கியது பத்தாண்டைத் தாண்டியும் ஓடுவதற்கு இதுவே அடிப்படை. ஆனால் புளூட்டோனியம் 238 சந்தையில் வாங்கும் சரக்கல்ல. அமெரிக்காவே 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தி, 2015இல் ஐம்பது கிராமோடு மறுபடி தொடங்கியது. ஏவும்போது விபத்து நடந்தால் என்னவாகும் என்ற அச்சமும் நியாயமானது. 1964இல் இப்படியொரு மின்கலத்தோடு போன அமெரிக்கச் செயற்கைக்கோள் வளிமண்டலத்தில் எரிந்து அதன் புளூட்டோனியம் உலகெங்கும் பரவியது. இன்றைய குளிகைகள் அப்படிச் சிதறாதபடி அடுக்கடுக்கான கவசத்தோடு வருகின்றன. ஆயினும் கிலோகிராம் கணக்கில் ஏற்றுவதற்கும் கிராம் கணக்கில் ஏற்றுவதற்கும் ஆபத்திலும் செலவிலும் பெரிய இடைவெளி உண்டு. நிலவுக்குப் போகும் சிறிய ரோவருக்குத் தேவை பின்னதுதான். சீனாவின் யுட்டு 2 நிலவின் மறுபக்கத்தில் சூரியத் தகடும் சிறு வெப்பமூட்டியும் கொண்டு ஆண்டுக்கணக்கில் 1,600 மீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. 140 கிலோகிராம் எடை கொண்ட ஒரு வண்டிக்கு இது முடிந்திருக்கிறது.

2025 மார்ச்சில் இந்திய அரசின் ஒப்புதல் பெற்றதாக அறிவிக்கப்பட்ட சந்திரயான் 5, யப்பானோடு சேர்ந்து தென்துருவப் பக்கத்துக்குப் போகும் திட்டம். அதன் ரோவர் பிரக்யானைவிடப் பல மடங்கு எடை கொண்டது, தேடப்போவது நீர்ப்பனிக்கட்டியை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவர் கையில் பேனாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு அதில் ஒன்று இருக்கிறது. துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும். உயர்ந்த சில முகடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெளிச்சம் கிடைக்கும். அங்கே நின்றால் பதினான்கு நாள் இரவு சில நாளாகச் சுருங்கும், அடுப்பின் சுமையும் குறையும். ஆனால் தேடிப்போகும் பனிக்கட்டி கிடப்பது வெயிலே படாத பள்ளங்களில். முகட்டில் பற்றரியை நிரப்பிக்கொண்டு நிழலுக்குள் இறங்க வேண்டும். மோட்டாரும் துளைப்பானும் ஹீட்டரும் ஒரே பற்றரியைப் பங்குபோட்டுக் குடிக்கும். அது தீருமுன் மேடேறி வெளிச்சத்துக்கு வந்து சேர வேண்டும். எத்தனை வாற்று மணி, எத்தனை மீற்றர் சரிவு, திரும்பி ஏற எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் புதிதாகக் கணிக்க வேண்டியிருக்கும்.